ஹிஜாஸ் புகையிரதப் பாதையில் ஒரு கெமராவுடன்

ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போய் வருபவர்கள் மதீனாவில் எடுத்த படங்களைக் காட்டும்போது அவற்றில் பச்சைக் குப்பா இருக்கும். குபா பள்ளி இருக்கும். உஹது மலையும் பேரீச்சந் தோட்டமும் இருக்கும். மஸ்ஜிதுன் நபவியிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் வருகின்ற ஒரு கறுப்புக் கல் கட்டடம் மட்டும் அநேகமாக இருக்காது. அன்பரிய்யா என்ற இடத்திலே, வளைவு வளைவான வாசல்களோடு நிற்கின்ற அந்தக் கட்டடம்தான் ஹிஜாஸ் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம். டமஸ்கஸில் புறப்பட்ட வண்டிகள் சுமார் 1,300 கிலோமீற்றர் ஓடி இங்கேதான் வந்து நின்றன.

சென்ற முறை உம்றாவுக்குப் போனபோது என் மனைவியும் கூட வந்திருந்தார். மதீனாவில் வாகனம் ஓட்டித் தொழில் செய்கின்ற என் தங்கையின் மகன் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டான். அந்த இரண்டு நாளில் இந்தப் பழைய பாதையின் நிலையங்கள் சிலவற்றைப் பார்த்துப் படம் பிடித்தோம். கல்லூரியில் மாணவர்களுக்கு இஸ்லாமிய வரலாறு படிப்பிக்கும்போது வாயால் சொல்வதைவிட ஒரு படத்தைக் காட்டினால் நன்றாகப் பதியும் என்பதுதான் என் நோக்கம். ஆனால் பார்க்கப் பார்க்க, இது மாணவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கின்ற உம்மாமாருக்கும் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டிய கதை என்று எனக்குப் பட்டது. ஏன் என்பதைக் கீழே படிக்கும்போது நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

உழ்ஹிய்யாத் தோலில் போட்ட பாதை

அந்தக் காலத்தில் சிரியாவிலிருந்து மதீனாவுக்கு ஒட்டகக் கூட்டத்தோடு வருவதென்றால் ஏறத்தாழ நாற்பது நாள் பிடிக்கும். தண்ணீர் கிடைக்காமல் மௌத்தானவர்களும் உண்டு, கொள்ளையில் எல்லாவற்றையும் இழந்தவர்களும் உண்டு, கொலராவில் போனவர்களும் உண்டு. உஸ்மானிய ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1900ஆம் ஆண்டு இந்தப் பாதையைப் போடும்படி கட்டளையிட்டார். அந்த ஆண்டு செப்டெம்பர் மாதம் வேலை தொடங்கியது. 1904இல் மஆன், 1906இல் தபூக், 1907இல் அல்உலா என்று முன்னேறி, 1908ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் வண்டி மதீனாவுக்குள் வந்தது. நாற்பது நாள் பயணம் மூன்று நான்கு நாளாகச் சுருங்கிவிட்டது.

பொதுவாக அந்தக் காலத்தில் ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்கித்தான் இப்படியான பாதைகளைப் போடுவார்கள். இந்தப் பாதைக்கு அப்படிச் செய்யவில்லை. முஸ்லிம்களிடம் நன்கொடை கேட்டார்கள். ஸுல்தான் தாமே முதலில் கொடுத்தார். அரச ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது. இந்தியா, எகிப்து, மொரோக்கோ, சிங்கப்பூர், தென்னாபிரிக்கா என்று உலகத்தின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் பணம் வந்தது. நன்கொடை கொடுத்தவர்களுக்குத் தொகைக்கு ஏற்ப நிக்கல், வெள்ளி, தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இப்படி நன்கொடையாகவே சேர்ந்தது.

அதில் என் மனதைத் தொட்ட விடயம் ஒன்று உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்த உழ்ஹிய்யாப் பிராணிகளின் தோல்களைச் சேகரித்து விற்று, அந்தப் பணத்தையும் இந்தப் பாதைக்குக் கொடுத்தார்கள். உழ்ஹிய்யா கொடுக்கின்ற வீட்டில் தோலைக் கழுவி, உப்புப் போட்டு, கெட்டுப்போகாமல் வைப்பது யாருடைய வேலை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மதீனாவை ஒருநாளும் கண்ணால் காணாத எத்தனையோ பெண்களின் கைப்பாடு அந்தத் தண்டவாளத்தில் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தேன்.

வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் சாதாரண படைவீரர்கள். ஜேர்மனியரான மெய்ஸ்னர் பாஷா தலைமைப் பொறியியலாளராக இருந்தார். அல்உலாவுக்குத் தெற்கே ஹரம் பூமியை நெருங்கும்போது முஸ்லிம் பொறியியலாளர்களே வேலையைப் பொறுப்பெடுத்து முடித்தார்கள். வெயிலும் நோயும் தண்ணீர்ப் பஞ்சமும் அந்தப் படைவீரர்களில் பலரைக் கொண்டுபோயின.

உண்மையைச் சொல்வதென்றால் இதில் அரசியல் நோக்கமும் இருந்தது. ஹாஜிகளை ஏற்றுகின்ற வண்டியில் படையையும் ஏற்றலாம். தூரத்து ஹிஜாஸை இஸ்தான்பூலின் பிடிக்குள் வைத்திருக்கலாம். ஒட்டகம் வாடகைக்கு விட்டுச் சீவித்த கபீலாக்களுக்கு இந்தப் பாதை வயிற்றில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆகவே பாதை மதீனாவுக்கு வந்து சேர்ந்த காலத்திலேயே எதிர்ப்பும் வந்து சேர்ந்தது. மக்காவரை நீட்டுவது என்ற திட்டம் நிறைவேறவேயில்லை. மக்காவையும் மதீனாவையும் புகையிரதம் இணைக்க 2018ஆம் ஆண்டு வரை, அதாவது இன்றைய ஹரமைன் அதிவேகப் புகையிரதம் ஓடத் தொடங்கும் வரை, உம்மத்து காத்திருக்க வேண்டியிருந்தது.

மதீனா நிலையம்

எங்கள் முதல் படம் மதீனா நிலையத்தில்தான். இப்போது அது நூதனசாலையாக மாற்றப்பட்டிருக்கிறது. எதிரிலே ஸுல்தான் காலத்தில் கட்டிய அன்பரிய்யாப் பள்ளி, இரட்டை மினாராக்களோடு நிற்கிறது.

கறுப்புக் கல்லைப் படம் பிடிப்பது இலேசான காரியமல்ல. உச்சி வெயிலில் எடுத்தால் கட்டடம் முழுவதும் ஒரே இருட்டாகவும், வானம் வெள்ளைத் துணியாகவும் வரும். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தோம். சூரியன் சரிந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தபோது, கல்லைக் கொத்திய உளியின் அடையாளம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பாதை பெரும்பாலும் வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஆகவே நிலையங்களின் ஒரு முகத்தைக் காலையிலும் மறுமுகத்தை அஸருக்குப் பிறகும் எடுக்க வேண்டும் என்பதை அங்கே விளங்கிக்கொண்டோம். விலை கூடிய கெமரா தேவையில்லை. மருமகனின் கைத்தொலைபேசியே நல்ல படம் தந்தது. பொறுமைதான் தேவை.

நிலையத்தின் மதிலுக்குள்ளேயே மூன்று சிறிய குப்பாக்கள் கொண்ட ஒரு சின்னப் பள்ளி இருக்கிறது. அது மஸ்ஜிதுஸ் ஸுக்யா. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பத்ருக்குப் போகும் வழியில் இந்த இடத்தில் தங்கியதாகவும், ஸுக்யாவில் மதீனாவாசிகளின் அளவைகளில், அதாவது அவர்கள் தானியம் அளக்கின்ற ஸாஇலும் முத்திலும், பரக்கத் வேண்டி துஆச் செய்ததாகவும் அறிவிப்புகளில் வருகிறது. புகையிரத நிலையம் கட்டியவர்கள் இந்தப் பள்ளியை இடிக்காமல் உள்ளே வைத்தே மதில் கட்டியிருக்கிறார்கள்.

நான் பள்ளியையும் நிலையத்தையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர இடம் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி மேடையின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இஞ்ச இருந்துதானா அவங்கள ஏத்தி அனுப்பினது?”

முந்திய இரவு நான் சொன்ன கதையை அவர் மறக்கவில்லை. வாசக சகோதரிகளே, அந்தக் கதையை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

ஸபர்பர்லிக்

முதலாம் உலக மகா யுத்தத்தில் 1914ஆம் ஆண்டு இறுதியில் உஸ்மானிய அரசு ஜேர்மனியின் பக்கம் சேர்ந்தது. 1916 ஜூன் மாதம் மக்காவின் ஷரீப் ஹுஸைன் பிரித்தானியரின் ஆதரவோடு துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். மக்கா அடுத்த மாதமே அவர் கைக்குப் போனது. மதீனா போகவில்லை. அங்கே படைத் தளபதியாக இருந்த பக்ரீ பாஷா ஊரைக் கோட்டையாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாமானும் சாப்பாடும் படையும் அவருக்கு வருவதற்கு இருந்த ஒரே வழி இந்தப் புகையிரதப் பாதைதான். ஆகவே யுத்தம் முழுவதும் அந்தத் தண்டவாளத்தின் மேல் வந்து விழுந்தது.

முற்றுகைக்குள் இருக்கின்ற ஊரில் உணவு போதாது. படைவீரருக்காவது தானியம் மிஞ்ச வேண்டும் என்று பாஷா ஊர்மக்களை வெளியேற்றத் தொடங்கினார். முதலில் விரும்பியவர்கள் போகலாம் என்றிருந்தது, பிறகு கட்டாயமாயிற்று. பல்லாயிரக்கணக்கான மக்கள் வண்டிகளில் ஏற்றப்பட்டு டமஸ்கஸ் முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ரஸூலுல்லாஹ்வின் ஊர் ஏறத்தாழ ஆளில்லாத ஊராயிற்று. மதீனாவாசிகள் இந்த நாட்களை ஸபர்பர்லிக் என்ற துருக்கிச் சொல்லால் இன்றும் நினைவுகூர்கிறார்கள். உம்மா ஒரு வண்டியிலும் பிள்ளை இன்னொரு வண்டியிலுமாகப் பிரிந்து போனது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வராதது என்று அவர்கள் வீடுகளில் சொல்லப்படும் கதைகள் பல. யுத்தம் முடிந்த பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் போன ஊரிலேயே தங்கிவிட்டார்கள். சிலர் பசியிலும் நோயிலும் அங்கேயே மௌத்தானார்கள்.

1917ஆம் ஆண்டு ஹுஜ்ரா ஷரீபாவில் காலங்காலமாகச் சேர்ந்திருந்த அமானத்துப் பொருட்களையும் பாஷா இதே பாதையால் இஸ்தான்பூலுக்கு அனுப்பிவைத்தார். அவற்றை இன்றைக்கும் அங்குள்ள தொப்காபி மாளிகையில் வைத்திருக்கிறார்கள்.

ஊரில் எஞ்சிய படைவீரர்களின் நிலையும் மோசமாயிற்று. வெட்டுக்கிளியைச் சாப்பிடும்படி பாஷா படைக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதை எப்படிச் சமைப்பது என்றும் அதிலே எழுதியிருந்தார். வெட்டுக்கிளி ஹலால் என்பதை நம் பிக்ஹு நூல்களில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போவோம். அந்த ஒரு வரி ஒரு படையின் சோறாக இருந்த காலமும் உண்டு. எந்த இடத்தில் மதீனாவின் அளவைகளுக்குப் பரக்கத் கேட்கப்பட்டதோ, அந்த இடத்தைச் சுற்றியே இந்தப் பசியும் நடந்தது. 1918 ஒக்டோபரில் துருக்கி போர்நிறுத்தம் செய்த பிறகும் பாஷா ஊரை ஒப்படைக்கவில்லை. 1919 ஜனவரியில்தான் மதீனா கைமாறியது.

ஹாஜிகளைக் கொண்டுவருவதற்காக உழ்ஹிய்யாத் தோல் விற்றுப் போட்ட பாதை, பத்து ஆண்டு நிறைவதற்குள் மதீனாவின் குடும்பங்களைக் கொண்டுபோகின்ற பாதையாக மாறிவிட்டது. மனைவியின் கேள்விக்கு நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு பள்ளியையும் நிலையத்தையும் விட்டுவிட்டு, வெறுமையாகக் கிடந்த அந்த மேடையை மட்டும் ஒரு படம் எடுத்தேன். நான் எடுத்த படங்களிலே மாணவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

படத்துக்கும் ஸனத் வேண்டும்

மறுநாள் ஸுப்ஹுக்குப் பிறகு வடக்கே புறப்பட்டோம். தார் றோட்டை விட்டு இறங்கினால் சில இடங்களில் பழைய பாதையின் மண்மேடு தெரிகிறது. மழைத் தண்ணீர் போவதற்காகக் கட்டிய சிறு கற்பாலங்கள் இன்னும் உறுதியாக நிற்கின்றன. தண்டவாளம் பெரும்பாலும் இல்லை. கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாலைவன வெப்பத்துக்காகப் போட்ட இரும்புச் சிலிப்பர்கள் வேலிக் கம்பமாகவும் வீட்டு உத்தரமாகவும் மாறிப்போயின.

நிலையங்கள் ஏறத்தாழ இருபது கிலோமீற்றருக்கு ஒன்று வீதம் கோட்டை மாதிரிக் கட்டப்பட்டிருக்கின்றன. சுவரில் ஜன்னலை விடத் துப்பாக்கி நீட்டும் ஓட்டைதான் அதிகம். மழைத் தண்ணீரைச் சேமிக்கும் தொட்டியும் இருக்கும்.

மதீனாவுக்கு வடக்கேயுள்ள புவைர் நிலையத்தில் ஓர் என்ஜினும் சில பெட்டிகளும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஹதிய்யா நிலையத்தை அண்டிய பாலைநிலத்தில் இன்னுமோர் என்ஜின் தடம்புரண்டு கிடக்கிறது. ஹிஜாஸ் பாதை என்றால் எல்லோரும் எடுக்கின்ற படம் இந்த என்ஜின்கள்தான். மருமகனும் ஆசையோடு சொன்னான்:

“மாமா, மேல ஏறி நில்லுங்க. ஒரு படம் எடுப்பம்.”

“வேணாம் மகன். இது ஆருடையவோ ஸதகா. காலால மிதிக்க ஏலாது” என்றேன்.

அவன் சிரித்தாலும் விளங்கிக்கொண்டான். கீழே நின்றே எடுத்தோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவனை நிற்கவைத்தேன். பாலைவனத்தில் தனியே கிடக்கின்ற ஒரு பொருளின் பருமன் படத்தில் விளங்காது, பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் விளங்கும்.

“இத லோரன்ஸ் குண்டு வெச்சதுதானே?” என்று கேட்டான். அங்கே வருகின்ற எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

இங்கேதான் நாம் நிதானமாக இருக்க வேண்டும். ஹதீஸ் கலையிலே ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்ற ஸனத் இல்லாவிட்டால் ஏற்றுக்கொள்வதில்லை. படத்துக்கும் அந்தச் சட்டம்தான். பாலைவனத்தில் கிடக்கின்ற என்ஜின் ஒவ்வொன்றும் லோரன்ஸ் உடைத்ததல்ல. யுத்தம் முடிந்த பிறகும் சில காலம் இந்தப் பாதையில் வண்டிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடின. மழை வெள்ளமும் பராமரிப்பின்மையும் சேர்ந்துதான் தெற்குப் பகுதியை முற்றாக நிறுத்தின. தானாகத் தடம்புரண்டதும், திருத்த ஆளில்லாமல் கைவிட்டதும் எத்தனையோ. படத்தின் கீழே ‘லோரன்ஸ் தகர்த்த என்ஜின்’ என்று எழுதிவிட்டால், பார்க்கின்றவர் அதை நம்பி நூறு பேருக்குச் சொல்வார். கண்ணால் கண்ட இரும்பு உண்மை, அதன் கீழே எழுதிய கதை பொய் என்றாகிவிடும். நான் எழுதி வைத்தது இவ்வளவுதான்: ‘புவைர் நிலையம். கைவிடப்பட்ட ஹிஜாஸ் புகையிரத என்ஜின்.’

பிரித்தானிய அதிகாரி லோரன்ஸைப் பற்றி 1962ஆம் ஆண்டு வந்த புகழ்பெற்ற திரைப்படத்தில் வண்டி வெடித்துக் கவிழ்கின்ற காட்சி வருகிறது. உலகத்தில் பெரும்பாலானோர் மனதில் இந்தப் பாதையின் படமாக இருப்பது அந்தக் காட்சிதான். அதைப் படம் பிடித்ததோ ஹிஜாஸில் அல்ல, ஸ்பெயின் நாட்டிலே. வேறு நாட்டு மணலில் செய்த வேடிக்கை, நம்முடைய வரலாற்றின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

நம்பத் தகுந்த பழைய படங்கள் இல்லாமல் இல்லை. மதீனாவின் முதல் புகைப்படங்களை 1861இல் எடுத்தவர் எகிப்தியப் படை அதிகாரியான முஹம்மது ஸாதிக் என்ற முஸ்லிம். இந்தப் பாதை போடப்பட்ட காலத்தில் எடுத்த படங்கள் ஸுல்தானுடைய யில்திஸ் மாளிகையின் அல்பங்களில் இருக்கின்றன. லோரன்ஸும் கெமரா வைத்திருந்தார். அவர் எடுத்த யுத்தகாலப் படங்கள் லண்டனில் உள்ள யுத்த நூதனசாலையில் இருக்கின்றன. கட்டியவர் படமும் உடைத்தவர் படமும் உண்டு. வண்டிக்குள் இருந்தவர்கள் எடுத்த படத்தைத்தான் காணவில்லை.

வண்டிக்குள் இருந்தவர்கள்

பாதையை உடைத்தவர்கள் 1917 பெப்ரவரியில் முதல் தடவையாக ஓடும் வண்டிக்குக் கண்ணி வெடி வைத்தார்கள். அதற்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. பாதையை முற்றாக அறுத்துவிடுவது லோரன்ஸின் நோக்கமாக இருக்கவில்லை. அது அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தால்தான் துருக்கிப் படை மதீனாவிலேயே கட்டுண்டு கிடக்கும், பாதையைக் காவல் காப்பதிலேயே தேய்ந்துபோகும் என்று அவர் கணக்குப் போட்டார். ஆகவே உடைப்பதும் திருத்துவதும் திரும்ப உடைப்பதுமாக இரண்டு ஆண்டுகள் போயின.

1917 செப்டெம்பரில் ஹல்லத் அம்மார் என்ற நிலையத்துக்கு அருகில் இரட்டை என்ஜின் பூட்டி வந்த வண்டியை அவர் தகர்த்தார். ஜோர்தானுக்கும் ஸவூதிக்கும் இடையிலான எல்லை இப்போது அந்த இடத்தால்தான் போகிறது. அந்த வண்டியில் இருந்தவர்கள் படைவீரர் மட்டுமல்ல. நோயாளிகள் இருந்த பெட்டி நொறுங்கி, சிலரைத் தவிர மற்ற எல்லோரும் இறந்து கிடந்ததையும், அதிகாரிகளின் குடும்பப் பெண்கள் முகத்தை அறைந்துகொண்டு ஓடிவந்து தன் காலைப் பிடித்து அபயம் கேட்டதையும், மதீனாவைச் சேர்ந்த வயோதிபப் பெண்மணி ஒருவர் தனியே அமர்ந்து இதென்ன கூத்து என்று கேட்டதையும் அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார். அவருடைய நூலில் மிகைப்படுத்தல் உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதையும் சேர்த்தே நான் இதைக் கூறுகிறேன். ஆனால் குண்டு வைத்தவரே தனக்கு எதிராகச் சொல்கின்ற சாட்சி என்பதால் இந்தப் பகுதியைத் தள்ளிவிட மனம் வரவில்லை.

யார் யாரைக் கொன்றார்கள் என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. வண்டியைக் காத்த துருக்கியரும் அரபியரும் முஸ்லிம்கள். தாக்கிய கபீலாக்காரரும் முஸ்லிம்கள். பிரான்ஸ் அனுப்பிய பீரங்கிப் படையிலும் வட ஆபிரிக்க முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆயுதமும் வெடிமருந்தும் தங்கக் காசும் வெளியிலிருந்து வந்தன. இரு பக்கத்தாரும் தொழுகைக்கு நின்றால் முகம் திருப்பியது ஒரே கிப்லாவை நோக்கித்தான்.

இதைப் பேசும்போது, “எல்லாம் துருக்கியர் செய்த அநியாயம்” என்று ஒரு கூட்டமும், “எல்லாம் அரபியர் செய்த துரோகம்” என்று இன்னொரு கூட்டமும் இன்றும் வாதாடுகின்றன. நான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மதீனாவை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று நின்ற பாஷாவின் உறுதியும் உண்மை. அந்த உறுதிக்காக வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட தாய்மாரின் கண்ணீரும் உண்மை. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை மறைத்தால் அது வரலாறாகாது.

ஹிஜ்ர் நிலையம்

அன்று பின்னேரம் அல்உலாவைத் தாண்டி ஹிஜ்ருக்குப் போனோம். மதீனாவிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அதிக தூரம். மலையைக் குடைந்து செய்த மாளிகை முகப்புகளைப் பார்க்க உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2008இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த பூமி இது. தபூக் யுத்தத்துக்குப் போகும் வழியில் நபி (ஸல்) அவர்கள் இந்த இடத்தைக் கடந்தபோது, அழுதவர்களாகவே தவிர அவர்களுடைய குடியிருப்புகளுக்குள் நுழைய வேண்டாம் என்று ஸஹாபாக்களுக்குச் சொல்லி, தலையை மூடிக்கொண்டு வேகமாகப் போனார்கள் என்பது புகாரியில் வருகின்ற செய்தி. ஆகவே நாங்கள் அந்த மலைகளுக்குப் போய்ப் படம் பிடிக்கவில்லை. புகையிரத நிலையத்தோடு நின்றுகொண்டோம்.

இது பெரிய நிலையம். என்ஜின் திருத்துகின்ற கொட்டகை உட்படப் பல கட்டடங்கள். மஞ்சள் கலந்த மணற்கல். எல்லாவற்றையும் புதுப்பித்து அழகாக வைத்திருக்கிறார்கள். நிலையத்தின் ஒரு பகுதி இப்போது உயர்தர ஹோட்டலோடு சேர்ந்துவிட்டது. புதுப்பித்தது நல்லதுதான், இல்லாவிட்டால் இடிந்துபோயிருக்கும். ஆனால் அவ்வளவு துப்புரவான சுவரில் யுத்தத்தைக் காண முடியாது. தாக்கப்பட்டு, திருத்தப்படாமல் கிடக்கின்ற சின்ன நிலையங்களில்தான் அது தெரிகிறது. இரண்டையும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழுக் கதையும் விளங்கும்.

மனைவி அங்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பிள்ளைகளோட வந்த பொம்புளையள் இதுலதான் தண்ணி குடிச்சிருப்பாங்க” என்றார். நான் என்ஜினைத் தேடிய இடத்தில் அவர் தண்ணீரைத் தேடினார். உண்மையில் வண்டிக்குள் இருந்தவர்களின் அடையாளம் என்று ஏதாவது எஞ்சியிருந்தால் அது இந்தத் தொட்டிகளும் மேடைகளும்தான். அதற்குப் பிறகு வந்த வழியெல்லாம், நின்ற இடத்தில் தொட்டியையும் ஒரு படம் எடுத்தோம்.

போகின்றவர்களுக்குச் சில வார்த்தைகள்

இன்று உம்றா விசாவில் போகின்றவர்கள் ஸவூதியின் மற்ற ஊர்களுக்கும் போகலாம். ஆகவே நேரம் இருப்பவர்கள் மதீனா நிலையத்தையாவது பார்த்து வாருங்கள், ஹரத்திலிருந்து நடந்தே போகலாம். வடக்கே போவதென்றால் அந்தப் பாதை தெரிந்த சாரதியோடு, போதிய தண்ணீரோடு, வெளிச்சம் இருக்கும்போதே போய்த் திரும்புங்கள். வேலி போட்ட இடத்தில் வேலியைத் தாண்ட வேண்டாம். ஒரு ஆணியைக்கூட ஞாபகத்துக்கென்று எடுத்து வர வேண்டாம். பொதுச் சொத்தாகவும் வக்பாகவும் எண்ணப்பட்ட பொருள் அது. சுவரில் பெயர் எழுதுவது சொல்லவே தேவையில்லாத தவறு. அங்கே வரும் மற்றப் பெண்களும் குடும்பங்களும் உங்கள் படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த படத்தின் பின்னாலோ கீழேயோ இடம், திகதி, நிச்சயமாகத் தெரிந்த தகவல் இவை மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு அந்தப் படங்களைக் காட்டும்போது கவிழ்ந்த என்ஜினோடு நிறுத்திவிட வேண்டாம். உழ்ஹிய்யாத் தோலைச் சொல்லுங்கள். வெயிலில் மௌத்தான அந்தப் படைவீரர்களைச் சொல்லுங்கள். ஊரை விட்டு ஏற்றப்பட்ட மதீனாத் தாய்மாரைச் சொல்லுங்கள். நல்ல நிய்யத்தோடு பலர் சேர்ந்து கட்டிய ஒன்றை, சண்டை வந்தால் சில ஆண்டுகளில் எதற்கும் பயன்படுத்திவிடலாம், எப்படியும் உடைத்துவிடலாம் என்பதை அந்த மேடையும் தொட்டியும் சொல்வதுபோல் வேறெதுவும் சொல்லாது. கொடுத்தவர்களின் ஸதகா வீண்போகாது, அது அவர்களுடைய ரப்பிடத்தில் இருக்கிறது. கட்டியதைக் காப்பாற்றுவது மட்டும் பின்னால் வந்தவர்களின் பொறுப்பாக இருந்தது.

அந்தப் பாதைக்காகக் கொடுத்தவர்களையும், அதிலே உழைத்தவர்களையும், அதிலே ஏற்றப்பட்டுத் திரும்பி வராதவர்களையும் வல்ல அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. நம் கையால் கட்டியதை நம் கையாலேயே உடைக்கின்ற நிலையிலிருந்து நம்மையும் நம் சந்ததிகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.